பல்லில் இருக்கிறது கணக்கு

கலைக் கல்லூரி மாணவனுக்குக் காரின் அடியில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆயினும், பின்னக் கணக்கின் பயன் எனக்கு விளங்கியது அங்கேதான்.

ஜெர்மனியில் 1989 வரை உருவான பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரங்களுக்குச் சுருள்வில் இல்லை. முறுக்குத் தண்டே வில். தண்டின் உள்முனையில் 40 பற்கள். அது காரின் உடலோடு பிணைந்தது. வெளிமுனையில் 44 பற்கள். அது சக்கரத்தின் கரத்தோடு பிணைந்தது.

காரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டால், தண்டைக் கழற்றி வேறு பல்லில் பொருத்த வேண்டும். உள்முனையில் ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை திரும்பும். அது மிக அதிகம்! உள்ளே ஒரு பல் ஒரு திசையிலும், வெளியே ஒரு பல் எதிர்த்திசையிலும் நகர்த்தினால்? 1/40இலிருந்து 1/44ஐக் கழியுங்கள். விடை 1/440 சுற்று; ஒரு பாகைக்கும் குறைவு! இருபுறமும் இப்படிச் சமமாகத் திருத்தினால்தான் கார் நேராக நிற்கும்.

பின்னக் கழித்தலில் முழு மதிப்பெண் பெற்றவன் நான். இருந்தும் 40, 44 என்ற எண்களை முதலில் படித்தபோது, 'ஏன் இந்த வேறுபாடு?' என்று கேட்கத் தோன்றாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவியும் இதே தத்துவந்தானே? அதை வைத்து அளக்கிறோம். ஏன் என்று கேட்பதில்லை. ஏட்டறிவு உயர்ந்தது, பட்டறை அறிவு தாழ்ந்தது என்னும் எண்ணமே நம் கேள்விகளைக் கொல்கிறது. பாடநூலின் பின்னக் கணக்குகளில் மாம்பழத்தோடு இந்த முறுக்குத் தண்டும் இடம்பெறட்டும். கரி படிந்த கைகளிடமும் நாம் கணிதம் கற்போம்!