பாசியும் பெட்ரோல் மெஷினும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் பின்கட்டு சிமெண்ட் தரையைப் பார்க்கணுமே! பச்சைப் பாய் விரித்த மாதிரி பாசி. சுற்றிலும் மரம், வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. போன மார்கழியில் என் மாமியார் துளசிக்குத் தண்ணீர் விடப் போய் வழுக்கிவிட்டார். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டதால் இடுப்பு தப்பியது. அன்றைக்கே பெரிய பையன், "தேய்த்துத் தேய்த்து உன் கைதான் போகுதும்மா" என்று சொல்லி, பீய்ச்சி அடித்துக் கழுவும் பிரஷர் மெஷினை ஒரு நாள் வாடகைக்குக் கொண்டுவந்தான். கரண்டில் ஓடுவது கிடைக்கவில்லை. பெட்ரோல் எஞ்சின் வைத்ததுதான் இருந்தது.

சகோதரிகளே, இது தோட்டத்துக் குழாய் சமாசாரம் இல்லை. நம் குக்கரில் வெயிட் ஆடும்போது உள்ளே சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம். இந்த மெஷினில் 2,500 பவுண்டு என்று ஒட்டியிருந்தது. குக்கருக்கே நாம் கொடுக்கிற மரியாதையை நினைத்துக்கொள்ளுங்கள்!

வாடகைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்தது இது. முதலில் தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்து, துப்பாக்கி விசையை அமுக்கிப் பிடிக்கணும். காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் எஞ்சின் கயிற்றை இழுக்கணும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் வீணாகிவிடும். அந்த மெஷின் நிமிஷத்துக்கு 9 லிட்டர் குடிக்கும். உங்கள் குழாய் 15 லிட்டர் வாளியை ஒன்றரை நிமிஷத்துக்குள் நிரப்புகிறதா என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள். விசையை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கக்கூடாது, உள்ளேயே சுற்றும் தண்ணீர் சூடேறிவிடும். போன் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுப் போங்கள்.

முனைகள் கலர் கலராக இருக்கும். சிவப்பு முனையில் தண்ணீர் ஊசி மாதிரி ஒரே கோடாக வரும். அதை நான் தொடவே விடவில்லை. பாசிக்குப் பச்சை போதும், வண்டி கழுவ வெள்ளை. தரைக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பாசி கழன்றால் அதே தூரம், கழலாவிட்டால் கொஞ்சம் கிட்டே. ஆசைப்பட்டு ஒட்டினாற்போல் பிடித்ததில் எங்கள் படிக்கட்டு ஓரத்தில் சிமெண்டே பெயர்ந்துவிட்டது.

காலில் செருப்பு போதாது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேணும். கண்ணுக்குக் கண்ணாடி. கையிலோ காலிலோ அந்தத் தண்ணீர் பட்டுக் குத்தினால் வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும், வலிகூட அவ்வளவாக இருக்காது. உள்ளே தண்ணீரும் அழுக்கும் சதைக்குள் பாய்ந்திருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷர் தண்ணீர் குத்தியது" என்று விவரமாகச் சொல்லணும். மீட்டர் பெட்டி, சுவிட்ச் பக்கம் அடிக்கவே கூடாது.

இத்தனையும் கவனமாகச் செய்தோம். கோட்டை விட்டது வேறு இடத்தில்.

பதினோரு மணிக்குத் தூறல் போட்டது. மெஷின் நனையுமே என்று பையன் அதைப் பின் வராந்தாவுக்குள் இழுத்து வைத்து ஓட்டினான். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்புதானே என்று நானும் பேசாமல் இருந்தேன். அத்தையின் அறை ஜன்னல் அந்த வராந்தாவில்தான் திறக்கும். அரை மணியில் எனக்குத் தலைவலி. இரண்டாம் காபி குடிக்காததுதான் காரணம் என்று நினைத்து அடுப்பில் பால் வைத்தேன். சின்னவளும் வந்து, "அம்மா, தலை சுத்துது" என்றாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் அத்தை வாந்தி எடுத்துவிட்டு, கூப்பிட்டால் "உம்" என்கிறார், கண்ணைத் திறக்கவில்லை.

எஞ்சினை அணைத்து, கட்டிலோடு தூக்காத குறையாக வாசலுக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் எல்லாருக்குமே தலைவலியா?" பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் கதவைத் திறந்து வைத்தால் சரியாகிவிடாது. எஞ்சின் வெட்டவெளியில், ஜன்னலை விட்டு நன்றாகத் தள்ளித்தான் ஓட வேண்டும். மழை வந்தால் வேலையை நிறுத்த வேண்டியதுதான்.

2011 டிசம்பர் 30 'தானே' புயலுக்குப் பிறகு நம் கடலூர் மாவட்டத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! ஜெனரேட்டரை நடையில் வைத்து ஓட்டினவர்கள் உண்டு. அதிலிருந்து வருவதும் இதே புகைதான்.

சாயங்காலம் அத்தை தெளிந்து, "கஞ்சி போட்டியா?" என்று கேட்ட பிறகுதான் என் கை நடுக்கம் நின்றது. மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் முன் குழாயை மூடி, விசையை ஒரு தடவை அமுக்கி உள்ளே நின்ற அழுத்தத்தை விட்டுவிட்டோம். இதை மறந்தால் அணைத்த மெஷினும் அடிக்கும். பெட்ரோல் ஊற்றுவதும் எஞ்சின் நன்றாக ஆறின பிறகுதான்.

பக்கத்து வீட்டு அக்கா தன் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை இதால் கழுவலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் அக்கா என்றேன். அதன் நார் பெயர்ந்து காற்றில் கலந்தால் நுரையீரலுக்கு ஆகாது.

மிச்சம் இருந்த பாசிக்கு மறுநாள் ப்ளீச்சிங் பவுடரும் கட்டைத் துடைப்பமும். கையுறை போட்டுக்கொண்டு, கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலைத் தூர எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஒரு வாரத்தில் இரண்டு விஷப்புகை எங்கள் வீடு தாங்காது. துளசி மாடத்தைச் சுற்றி மட்டும் பவுடர் போடவில்லை. அங்கே அத்தை மணையைப் போட்டு உட்கார்ந்து, யார் சொல்லியும் கேட்காமல், தேங்காய் நாரால் தானே தேய்த்தார்.