திறக்க முடியாப் பெட்டியும் தீராக் காத்திருப்பும்

புதிய மடிக்கணினிகள் வெளிவரும் பருவம் நெருங்க நெருங்க, அவற்றைப் பயன்படுத்துவோரிடையே ஆண்டுதோறும் ஒரு பெரும் பேச்சு மூண்டெழுகின்றது. அடுத்து வருவது எத்துணை மெலிதாயிருக்கும்? அதன் செயலி எத்துணை விரைவுடையதாயிருக்கும்? மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்கும்? விலை ஏறுமா, இறங்குமா? உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையிலிருந்து கசிந்தது என்று ஒரு செய்தி. பங்குச்சந்தை ஆய்வாளர் உய்த்துரைத்தது என்று மற்றொரு செய்தி. இரண்டையும் மறுத்து மூன்றாவதாய் ஒரு செய்தி! இவ்வாறு உலவும் அலரை நம்பி, கையிலுள்ள கணினியால் மனநிறைவு கொள்ளாமலும், வேறொன்று வாங்கத் துணியாமலும், அடுத்த அறிவிப்புக்காகவே காத்துக் கிடப்போர் மிகப் பலராவர்.

இலவு காத்த கிளியின் நிலை இவர்களுக்கு நன்கு பொருந்தும். ஓர் எடுத்துக்காட்டு காண்க. ஆப்பிள் நிறுவனத் தலைவராயிருந்த சுடீவ் சாபுசு, நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டுத் தொட்டு இயக்கினால் கை சோர்ந்துவிடும் என்று 2010 அக்தோபரில் மேடையிலேயே கூறினார். ஆயினும் அந்நிறுவனத்தின் மடிக்கணினிக்குத் தொடுதிரை வரப்போகின்றது என்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. 2025-இல் அது வெளிவரக்கூடும் என்று 2023 சனவரியில் செய்தி பரவியது. 2025 அக்தோபரில் புதிய மேக்புக்கு புரோவும் வந்தது, தொடுதிரை வரவில்லை. காய் பழுக்கவில்லை, காத்திருப்பு மட்டும் புதுப்பிக்கப்பட்டது.

புதியதை விழைதல் குற்றமன்று. விழைவில்லையேல் ஆக்கமில்லை, ஆக்கமில்லையேல் மாந்தன் இன்னும் கற்கருவியோடு காட்டில் திரிந்துகொண்டிருப்பான். ஆனால், அடுத்த கணினியில் மக்கள் எவற்றையெல்லாம் விழைகின்றனர் என்று ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பார்த்தால், ஓர் உண்மை தெற்றென விளங்கும். அவர்கள் விழைவனவற்றுள் மிகப் பல புதியன அல்ல. முன்பே அவர்கள் கையிலிருந்து, பின்னர்ப் பறிக்கப்பட்டவை! தட்டினால் தவறாமல் எழுதும் விசைப்பலகை. வேண்டிய கருவியை நேரே செருகத்தக்க துளை. தேவை வளரும்போது வளர்த்துக்கொள்ளத்தக்க நினைவகம். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளத்தக்க மின்கலம். இவற்றைத்தானே அவர்கள் அடுத்த ஆண்டு வருமா, அதற்கடுத்த ஆண்டு வருமா என்று ஏங்கிக் கேட்கின்றனர்? தம்மிடமிருந்து எடுத்ததைத் தமக்கே திருப்பித் தருமாறு வேண்டி நிற்பதற்கு, எதிர்பார்ப்பு என்று பெயரிட்டு மகிழ்வது எத்துணை அறியாமை!

இவ்வுண்மைக்கு ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக்கு வரலாற்றினும் சிறந்த சான்று வேறு வேண்டா. 2015-இல் அந்நிறுவனம் தன் பன்னிரண்டு விரற்கடைக் கணினியில் 'வண்ணத்துப்பூச்சி' என்னும் புதுவகை விசைப்பலகையைப் புகுத்தியது. கணினியை மேலும் மெலிதாக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். விசைகள் அழுந்தும் ஆழம் மிகக் குறைந்தது. 2016 அக்தோபரில் வந்த மேக்புக்கு புரோவிலும் அதே வகை இடம்பெற்றது. அத்துடன் நில்லாது, காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, கால் இடறினால் தானே கழன்று, கணினியை விழாமற் காத்த மின்னூட்ட வடமும் நீக்கப்பட்டது. ஒளிப்படக் கருவியின் நினைவட்டையைச் செருகும் துளையும் நீக்கப்பட்டது. வெளித்திரைக்கும் ஒளிவீச்சிக்கும் உரிய துளையும் நீக்கப்பட்டது. எஞ்சியவை ஒரே வகையான சிறு துளைகளும், காதணிபாடிக்குரிய துளையுமே. படம் எடுப்போரும், பாடம் நடத்துவோரும், இசை அமைப்போரும் இணைப்பிகளைத் தனியே விலை கொடுத்து வாங்கிப் பையில் சுமந்து திரிந்தனர். மெலிந்தது கணினி, பருத்தது பை!

விசைப்பலகையின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஒரு சிறு துகள் உட்புகுந்தால் போதும். எழுத்து விழாது, அன்றேல் ஒருமுறை தட்டினால் இருமுறை விழும். எழுதுவதற்கென்றே வாங்கிய கருவி எழுத மறுத்தது. ஒரு விசை கெட்டால் அவ்வொன்றை மட்டும் மாற்றுதல் பொதுவாக இயலாது. விசைப்பலகை மேற்கூட்டோடு ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டிருந்தது; மின்கலமோ அக்கூட்டில் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே, ஒரு விசையின் பழுதுக்காக மேற்கூடும், விசைப்பலகையும், நன்றாயிருந்த மின்கலமும் சேர்த்தே மாற்றப்பட்டன. ஓர் ஓடு உடைந்ததற்குக் கூரை முழுவதையும் பிரித்தெறியும் கொத்தனை எவரேனும் வேலைக்கு வைத்துக்கொள்வரா?

பயன்படுத்துவோரின் முறையீடு பெருகியபின், வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகள்வரை இவ்விசைப்பலகையை விலையின்றிச் செப்பனிட்டுத் தரும் திட்டத்தை 2018 சூனில் நிறுவனம் அறிவித்தது. 2019 நவம்பரில் பதினாறு விரற்கடைக் கணினியில் பழைய வகைப் பொறியமைப்புக்கே திரும்பிற்று. 2020 மே திங்களுக்குள் அதன் மடிக்கணினிகள் அனைத்தும் திரும்பிவிட்டன. 2021 அக்தோபரில் காந்த வடமும், நினைவட்டைத் துளையும், வெளித்திரைத் துளையும் மீண்டும் வந்தன. அவையறிந்த நுகர்வோர் ஆர்ப்பரித்தனர்; இதுவன்றோ முன்னேற்றம் என்றனர். ஐந்தாண்டுகட்கு முன் இருந்த இடத்திற்கே மீண்டு வந்ததற்கு அத்துணை ஆரவாரம்! விசைப்பலகைக் குறைக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில், தன்பால் தவறில்லை என்று கூறிக்கொண்டே, 5 கோடித் தாலர் இழப்பீட்டுக்கு அந்நிறுவனம் 2022 சூலையில் இசைந்தது. அதுவும் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியோர்க்கே உரியதாயிற்று. ஏனையோர்க்குக் கிடைத்தது பட்டறிவு ஒன்றே.

ஒரு நிறுவனத்தின் செய்தி மட்டுமே இஃது என்று எண்ணற்க. லெனோவோவின் திங்க்பேடு கணினிகள் எழுத்தாளராலும் நிரலாளராலும் அவற்றின் விசைப்பலகைக்காகவே விரும்பப்பட்டவை. 2012-இல் அதன் ஏழு வரிசை அமைப்பு ஆறு வரிசையாகச் சுருக்கப்பட்டது. பழையதை மீட்டுத் தருமாறு அன்பர்கள் இடையறாது வற்புறுத்தினர். 2015-இல் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் தேவிட் இல் அவர்களின் கருத்தைக் கேட்டறிந்தார். 2017 அக்தோபரில், திங்க்பேடின் 25-ஆம் ஆண்டு நினைவாக, ஏழு வரிசை விசைப்பலகை கொண்ட ஒரு சிறப்புப் பதிப்பு அளவாக வெளியிடப்பட்டது. நாளும் உண்ட சோறு, விழா நாளுக்குரிய விருந்தாயிற்று!

நினைவகத்தின் செய்தியை இனிக் காண்க. முன்னெல்லாம் நினைவகம் போதவில்லையெனில், அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி, பழைய வில்லையை எடுத்துப் புதிய வில்லையைச் செருகுவர். கால் மணிநேர வேலை. கைத்திறன் மிகுதியும் வேண்டா. 2012 சூனில் வந்த மேக்புக்கு புரோவில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. மின்கலம் பசையால் ஒட்டப்பட்டது. கருவிகளைப் பிரித்து ஆராயும் ஐபிக்சிட்டு என்னும் அமைப்பு, பழுதுநீக்கும் எளிமைக்குப் பத்தில் ஒன்று என்றே அதற்கு மதிப்பெண் இட்டது. பின்னர்ச் சேமிப்பகமும் பற்றவைக்கப்பட்டது. அஃதாவது, தாய்ப்பலகை இறந்தால் அதனுள் உள்ள எழுத்தும் படமும் உடன்கட்டையேறும்!

இதன் விளைவு யாது? வாங்கும் நாளிலேயே, ஐந்தாறு ஆண்டுகட்குப் பின் தனக்கு எவ்வளவு நினைவகம் வேண்டியிருக்கும் என்று நுகர்வோன் குறிபார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தவறாகக் குறித்தால் கணினியையே மாற்ற வேண்டும். அஞ்சி மிகுதியாகக் கேட்டாலோ, 8 கிகாபைட்டை 16 ஆக்குவதற்கு 200 தாலர் கேட்கப்பட்டது. 2023 அக்தோபரிற்கூட, 1,599 தாலர் விலையுள்ள மேக்புக்கு புரோ 8 கிகாபைட்டோடுதான் தொடங்கிற்று. ஓராண்டு கழித்து, 2024 அக்தோபரில், தொடக்க அளவே 16 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குச் சில திங்கள் முன்னர் வாங்கியவன் என்செய்வான்? செருகும் துளையிருந்தால் தானே உயர்த்திக்கொண்டிருப்பான். துளையில்லை, ஆதலின் அவனுக்கு உயர்வும் இல்லை. உய்த்துரைச் செய்திகளை மக்கள் ஏன் இத்துணைப் பரபரப்போடு படிக்கின்றனர் என்பதன் கரணியம் இங்கேதான் உள்ளது. வாங்கியபின் திருத்த முடியாத பொருளாதலின், வாங்குமுன் வருவதுரைக்கும் குறிகாரனை நாடுகின்றனர். பெட்டி பூட்டப்பட்டதால் அலர் பெருகிற்று. அலர் பெருகியதால் விற்பனை பெருகிற்று.

நிறுவனங்களின் சார்பில் பேசுவோர் கூறும் மறுமொழியையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். மெல்லிய கணினியைச் சுமப்பது எளிது. ஒட்டிய மின்கலம் இடத்தை மிச்சப்படுத்தும். நினைவகத்தைச் செயலியின் அருகிலேயே பொருத்தினால் விரைவு மிகும், மின்செலவு குறையும் என்பர். இதில் உண்மையில்லாமல் இல்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் செயலியை அமைத்து வெளியிட்ட மடிக்கணினிகள், குறைந்த மின்செலவில் நெடுநேரம் உழைத்து உலகை வியக்கச் செய்தன. அத்திறனை இகழ்தல் முறையன்று. ஆனால், அத்திறனுக்கும் மின்கலத்தில் பசை பூசுவதற்கும் யாது தொடர்பு? விசைப்பலகையை மேற்கூட்டோடு பிணைத்ததால் எந்தச் செயலி விரைந்தது? ஓர் உறுப்பில் உள்ள தேவையைக் காட்டி உடல் முழுவதையும் பூட்டுவது பொருந்தா வழக்கு.

இயலாது என்பாரை இயற்றிக் காட்டியோர் வாயடைத்துவிட்டனர். அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோவில் தோன்றிய பிரேம்வொர்க்கு என்னும் சிறு நிறுவனம், ஒரே ஒரு திருகுளியால் முழுவதும் பிரித்து மாற்றத்தக்க மடிக்கணினியை 2021-இல் விற்கத் தொடங்கிற்று. அதை வாங்கியோர் 2022-இல் புதிய இன்டெல் தாய்ப்பலகையையும், 2023-இல் ஏ.எம்.டி. தாய்ப்பலகையையும் அதே கூட்டினுள் பொருத்திக்கொள்ள முடிந்தது. திரை அதுவே, கூடு அதுவே, செயலி மட்டும் புதிது. அவர்க்கு மேம்பாடு என்பது காத்திருப்பு அன்று. ஒரு மாலைப்பொழுதின் கைவேலை! பெருநிறுவனமாகிய லெனோவோவும் பின்தங்கவில்லை. அதன் 2024-ஆம் ஆண்டுத் திங்க்பேடு ஒன்று, ஐபிக்சிட்டின் அறிவுரையோடு வடிவமைக்கப்பட்டுப் பத்தில் ஒன்பது மதிப்பெண் பெற்றது. அதே ஆண்டில், மின்செலவு குறைந்த விரைவு நினைவகத்தையே கழற்றி மாட்டும் வில்லையாக்கி மற்றொரு திங்க்பேடில் பொருத்தியும் காட்டியது. எனவே தடையாய் நிற்பது அறிவியலன்று. வணிக வேட்கையே என்பது போதரும்.

சட்டமும் மெல்ல விழித்துக்கொண்டுள்ளது. 2021 தொடக்கத்தில் பிரான்சு நாடு, மடிக்கணினி முதலிய பொருள்களை விற்குமிடத்தில் அவற்றின் பழுதுநீக்க எளிமையைப் பத்துக்கு இத்துணை என்று மதிப்பெண்ணாகக் காட்ட வேண்டுமெனப் பணித்தது. கைக்கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கதாய் அமைக்க வேண்டுமென 2023-இல் சட்டமியற்றிய ஐரோப்பிய ஒன்றியம், சில விலக்குகளோடு அதற்கு 2027 பிப்ரவரி 18 என்று நாள் குறித்தது. ஆப்பிள் நிறுவனமும், பழுதுநீக்க உறுப்புகளையும் கையேடுகளையும் நுகர்வோர்க்கே விற்கும் திட்டத்தை 2021 நவம்பரில் அறிவித்து, 2022-இல் மடிக்கணினிகட்கும் விரித்தது. இவை தாமாகக் கனிந்தவை அல்ல. பழுதுநீக்கும் உரிமை எமது என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் முழங்கியதன் பயன்.

ஆதலின், அடுத்த கணினியைப் பற்றி உய்த்துரைக்க விழைவோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒன்று: அது திருகாணியால் மூடப்பட்டதா, பசையால் மூடப்பட்டதா? இரண்டு: மின்கலத்தையும் விசைப்பலகையையும் தனித்தனியே மாற்ற முடியுமா? மூன்று: நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் வாங்கியபின் பெருக்க முடியுமா? நான்கு: உறுப்புகளும் கையேடும் எல்லார்க்கும் கிடைக்குமா, எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? இந்நான்கற்கும் விடையளிக்காத கணினி, எத்துணை மெலிதாயினும், எத்துணை விரைவுடையதாயினும், காசு கொடுத்தவனுக்கு முழுதும் உரியதன்று. அது குத்தகைப் பொருளே.

விலை கொடுத்தவன் தன் பொருளைத் திறந்து பார்க்கவும் உரிமையற்று, ஆக்கியவன் அடுத்து என்ன அருள்வானோ என்று வாய்பார்த்து நிற்பது அடிமை மனப்பான்மை. இலவம் வெடிக்கும், பஞ்சு பறக்கும். கிளி மறுபடியும் அடுத்த காய்க்குக் காத்திருக்கும். மாந்தன் கிளியல்லன். அவனுக்குக் கையுண்டு, கையில் திருகுளியும் உண்டு. பெட்டி மட்டும் திறக்கப்பட வேண்டும்!