எதிரிக்கும் வழக்கறிஞர் வேண்டும்

மதுக்கரை, எட்டிமடை பக்கமிருந்து இந்த ஆண்டு சட்டக் கல்லூரிக்குள் நுழையும் தம்பி தங்கைகளுக்கு ஜெய்பீம்.

தொழில் நெறி என்று உங்களுக்கு ஒரு பாடம் வரும். கறுப்பு அங்கி, நீதிபதிக்கு மரியாதை, விளம்பரம் செய்யக் கூடாது என்று மனப்பாடம் செய்து பலர் பாஸாகிவிடுவார்கள். நீங்கள் அப்படிப் படிக்காதீர்கள். நம் மக்களின் வாழ்வும் சாவும் அந்தப் பாடத்தில் இருக்கிறது.

அதில் வரும் முக்கியமான தீர்ப்பு ஒன்று நம் கோவையிலிருந்து போன வழக்கு. வழக்கறிஞர்களுக்கும் போலீசுக்கும் மோதல். அதில் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாளில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு இதுபோன்ற தீர்மானங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் அவை விரோதம் என்றது.

"அப்படியானால் சாதி வெறியனுக்கும் வக்கீலா?" என்று கேட்பீர்கள். ஆம். அவனுக்கும்தான்.

யாருக்கு வாதாடலாம் என்று கூட்டம் போட்டு முடிவு செய்யும் அதிகாரம் வந்தால் அது யார் கைக்குப் போகும்? ஆள் பலமும் பண பலமும் உள்ள சாதியின் கைக்குத்தான். அடி வாங்கிய நம் பையன் மீதே எதிர் வழக்குப் போடுவது இங்கே வாடிக்கை. அன்றைக்கு அவனுக்கு ஆஜராக ஒருவரும் இல்லை என்றால்? விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் 22(1) பிரிவு முதலில் காப்பாற்றுவது ஆளில்லாதவனைத்தான்.

பாபாசாகேப் இதைச் செய்து காட்டினார். குடும்பக் கட்டுப்பாடு, பாலியல் கல்வி பற்றி எழுதியதற்காக ஆபாச வழக்கில் மாட்டிய ர.தோ.கார்வேவுக்காக 1934இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். வழக்கு தோற்றது. ஊர் தூற்றியவருக்காக நின்றோமே என்று அவர் ஒதுங்கவில்லை.

ஆனால் வாதாடுவது வேறு, வழக்கைக் கொல்வது வேறு. குற்றவாளி என்று உங்கள் மனதில் பட்டாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்கிறது பார் கவுன்சில் விதி. கட்சிக்காரர் முறைகேட்டில் இறங்கினால் தடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. சாட்சியை மிரட்டுவது, விலை பேசுவது, பாதிக்கப்பட்ட குடும்பத்தை 'ராஜி'க்கு இழுப்பது எதுவும் வக்கீல் வேலை அல்ல. அதைச் செய்பவர் மீது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

கோகுல்ராஜ் வழக்கைப் படியுங்கள். 2015இல் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, ரயில் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்த நம் பிள்ளை. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். எதிர்த்தரப்புக்கு வக்கீல் இருக்கக் கூடாது என்று கேட்டு அந்த வழக்கு ஜெயிக்கவில்லை. தாயின் விடாப்பிடியான போராட்டத்தில் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது, ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. கொலையாளிகள் தரப்பும் முழுமையாக வாதாடிய பிறகு வந்த தீர்ப்பு அது. அதனால்தான் மேல்முறையீட்டையும் தாங்கியது.

ஆகவே கொலையாளிக்கு வக்கீல் கிடைக்கக் கூடாது என்று கோஷம் போடாதீர்கள். நமக்கு நல்ல வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 4(5) சொல்கிறது. எத்தனை குடும்பங்களுக்கு அது தெரியும்? போய்ச் சொல்லுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். நாளை அந்த வழக்குகளை நடத்தும் தகுதியோடு வெளியே வாருங்கள்.

ஏழைக்கு இலவசமாக உதவுவது வழக்கறிஞரின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்றும் பார் கவுன்சில் விதி சொல்கிறது. மற்றவர்களுக்கு அது தேர்வில் ஒரு கேள்வி. நமக்கு அது தெருவில் காத்திருக்கும் வேலை.