பழைய காருக்குப் பெயின்ட் செலவைக் கேட்காதீங்க, முதல்ல துரு செலவைக் கேளுங்க

ஒரு அம்பாசடரையோ பத்மினியையோ வாங்கி ரெஸ்டோர் பண்ணணும்னு ஆசைப்படுறவங்க என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி, "சார், மொத்தமா எவ்வளவு ஒதுக்கணும்?" நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். "வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தீங்களா?"

பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டாங்க. இன்ஜின் சத்தம் கேட்டிருப்பாங்க, சீட் பார்த்திருப்பாங்க, பெயின்ட் பளபளப்பைப் போட்டோ எடுத்திருப்பாங்க. ஆனா பழைய கார்ல உங்க பணத்தை அதிகமா விழுங்கப் போறது இன்ஜின் இல்லை, பாடிதான். இன்ஜின் வேலையில எது தேய்ஞ்சிருக்கு, எதை மாத்தணும்னு ஓரளவு முன்கூட்டியே லிஸ்ட் போடலாம். துரு அப்படி இல்லை. பிரிச்சுப் பார்க்கிற வரைக்கும் அளவு தெரியாது. என் தொழில் பாஷையில சொன்னா, அது பேலன்ஸ் ஷீட்ல காட்டாம மறைச்சு வெச்ச கடன்.

பட்டி பார்க்கிறது ரிப்பேர் இல்லை

இரும்பு, தண்ணி, காத்து மூணும் சேர்ந்தா துரு. கடற்கரைப் பக்கம் ஓடின வண்டின்னா உப்பும் சேர்ந்து வேகமாக்கும். துரு பிடிச்ச இரும்பு முன்னாடி இருந்ததை விட அதிக இடத்தை அடைக்கும். அதனாலதான் பெயின்ட் கொப்புளம் மாதிரி உப்புது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் தெரிஞ்சா, உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு அரிச்சிருக்க வாய்ப்பு அதிகம். ஏன்னா பல இடங்கள்ல துரு உள்ளேயிருந்துதான் வெளியே வருது.

இதுக்கு மலிவான வழி ஒண்ணு உண்டு. ஓட்டை மேல வலையோ ஃபைபரோ வெச்சு, பட்டி பூசி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சுடுறது. டெலிவரி எடுக்கிற அன்னைக்கு வண்டி மாப்பிள்ளை மாதிரி நிக்கும். ஆனா பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில இருக்கிற துரு தன் வேலையைத் தொடர்ந்து பார்க்கும். ரெண்டு மழைக்காலம் போனா அதே இடத்துல மறுபடி கொப்புளம். நீங்க பெயின்ட்டுக்குக் கொடுத்த காசும் அதோட போச்சு.

பட்டியே தப்புன்னு சொல்லலை. நல்ல தகட்டு மேல சின்ன மேடு பள்ளத்தைச் சரி பண்ண மெல்லிசா பூசுறதுக்குத்தான் அது. இல்லாத தகட்டுக்கு மாத்தா பூசுறதுக்கு இல்லை.

இது அழகு விஷயம் மட்டும் இல்லை

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளமா ஓடுற பெட்டி மாதிரியான பகுதியும், தளமும், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் வந்து மாட்டுற இடமும்தான் வண்டியோட எலும்பு. அது அரிச்சுப் போயிருக்க, மேல பட்டி பூசின வண்டியில குடும்பத்தோட பைபாஸ்ல எண்பதுல போறது எனக்குச் சம்மதம் இல்லை. சென்னையில தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. அதுல பாடியோட சேர்த்து அந்த சேஸிஸையும் தனியா பார்க்கணும்.

வாங்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம்

ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. கதவோட கீழ் விளிம்பு, சக்கர வளைவு, கதவுக்குக் கீழ்ப் பகுதி, டிக்கித் தளம், முன் கண்ணாடிக்குக் கீழே, இங்கெல்லாம் வெச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்துல இரும்புக்குப் பதிலா பட்டி இருக்கு. மேட்டைத் தூக்கித் தளத்தைப் பாருங்க. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டுங்க. நல்ல தகடு கணீர்னு கேட்கும், அரிச்சது மொத்துன்னு கேட்கும். ஜாக்கி வைக்கிற இடத்துல ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லுங்க. "அதெல்லாம் வேண்டாம் சார்"னு ஓனர் தயங்கினா, அதுவே பதில்.

புதுப் பெயின்ட் அடிச்ச வண்டியை விட, மங்கிப்போன பழைய பெயின்ட்டோட நிக்கிற வண்டியை நான் அதிகமா நம்புவேன். அதுல குறை கண்ணுக்குத் தெரியும், விலை பேசலாம்.

கணக்கைப் பார்ப்போம்

இது புரிஞ்சுக்கிறதுக்காக நான் எடுத்த எண்கள், உங்க ஊர் ரேட் வேற இருக்கும். வண்டி 1 என்கிறவர் 1.5 லட்சத்துக்கு ஒரு துரு வண்டி வாங்குறார். பாடிக்கு 2.5 லட்சம் ஆகுது. மொத்தம் 4 லட்சம். வண்டி 2 என்கிறவர் அதே மாடலை, நல்ல பாடியோட, 2.75 லட்சத்துக்கு வாங்குறார். பாடிக்கு 50,000. மொத்தம் 3.25 லட்சம். வாங்குற அன்னைக்கு "ஒண்ணேகால் லட்சம் மிச்சம்"னு நினைச்சவர் கடைசியில 75,000 அதிகம் கொடுத்திருக்கார். ஒரு வருஷம் ஒர்க்‌ஷாப்ல வண்டி நின்னது தனி.

"பழைய கார் விலை ஏறும் சார், இன்வெஸ்ட்மென்ட்தான்"னு சொல்றவங்களுக்கு: அந்த 4 லட்சத்தை 7% வட்டியில 5 வருஷம் போட்டா சுமார் 5.6 லட்சம். அதுக்கு மேல, வருஷா வருஷம் இன்சூரன்ஸ், பார்க்கிங், பராமரிப்பு எல்லாத்தையும் தாண்டி விலை ஏறினாதான் லாபம். சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற காரை வித்து வர்ற லாபத்துக்குப் பொதுவா மூலதன ஆதாய வரி இல்லைங்கிறது உண்மை. ஆனா நஷ்டம் வந்தா அதையும் வரியில கழிக்க முடியாது. வாங்கி வாங்கி விக்க ஆரம்பிச்சா அது வியாபார வருமானம்.

அதனால என் கருத்து: இது ஆசைக்குச் செய்ற செலவு. தாராளமா செய்ங்க, ஆனா செலவுன்னே எழுதுங்க. இதுக்காகப் பெர்சனல் லோன் எடுக்காதீங்க, எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.

டிங்கர்கிட்ட எப்படிப் பேசணும்

ஒரே மொத்த ரேட் பேசாதீங்க. பிரிக்காம ரேட் சொன்னா, ஒண்ணு அவர் உங்களுக்கு ஏத்திச் சொல்றார், இல்லைன்னா பின்னாடி பட்டியில சரிக்கட்டுவார். வேலையை நாலு கட்டமா பிரிங்க.

1. பெயின்ட்டையும் பழைய பட்டியையும் எடுத்து, வெறும் தகடு தெரிய வைக்கிறது. இதுக்கு மட்டும் முதல் பணம். இதைப் பார்த்த பிறகுதான் மீதி எஸ்டிமேட்.
2. துருவை நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்து, அதே கனத்துல புதுத் தகடு வெல்டிங். கதவுக்குக் கீழ்ப் பகுதியை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்குக் கம்பி வெச்சு நிறுத்தணும். இல்லைன்னா பாடி தொய்ஞ்சு, அப்புறம் கதவே மூடாது. துருவை மாத்துற கெமிக்கல் மேலோட்டமான துருவுக்கு மட்டும்தான், ஓட்டைக்கு இல்லை.
3. பிரைமர், இணைப்புகளுக்கு சீலர், உள் குழிகளுக்கு வாக்ஸ். தண்ணி வடியிற துளைகளை அடைச்சுடக் கூடாது.
4. கடைசியா பெயின்ட்.

ரெண்டாவது கட்டம் முடிஞ்சதும், பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருங்க, போட்டோ எடுங்க. அதுக்கப்புறம் யாராலயும் எதையும் பார்க்க முடியாது. எஸ்டிமேட்டுக்கு மேல 30% தனியா வெச்சுக்கோங்க. அது முடிஞ்சா, பெயின்ட்டைத் தள்ளிப் போடுங்க, வெல்டிங்கைக் குறைக்காதீங்க. எபாக்ஸி பிரைமரா இருந்தா அதோட வண்டி காய்ஞ்ச ஷெட்ல ஆறு மாசம் நிக்கலாம், தப்பில்லை; சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும்.

பேப்பர் வேலை

போட்டோவும் பில்லும் ஏன் முக்கியம்? 50 வயசைத் தாண்டின வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ண 2021-ல மத்திய அரசு விதி கொண்டு வந்தது. கட்டணம் ரூ.20,000. வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாதுங்கிறது நிபந்தனை. அரிச்ச தகட்டை அதே அளவுல மாத்துறது வேற, பாடியையே வேற மாதிரி ஆக்குறது வேற. இந்த வித்தியாசத்தைக் காட்டப் போட்டோ வேணும். அப்படிப் பதிவானா தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாதுங்கிறதையும் யோசிச்சுக்கோங்க. சாதாரணப் பதிவுன்னா, 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின காருக்கு 2025-லேருந்து ரூ.10,000.

இன்சூரன்ஸ்ல துருவுக்கு கிளெய்ம் கிடைக்காது, அது தேய்மானக் கணக்கு. 5 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐ.டி.வி. நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. கையில பில்லும் போட்டோவும் இல்லைன்னா அவங்க சொல்ற தொகைதான்.

அப்பாவோட வண்டின்னா?

இங்க மட்டும் கணக்கு மாறும். வேற நல்ல வண்டியை வாங்கிக்கோங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த வண்டிதான் வேணும்னு புரியுது. ஆனா அப்போதும் மேல சொன்ன முதல் கட்டத்தை மட்டும் முடிச்சு, தகட்டைப் பார்த்துட்டு முடிவெடுங்க. இப்போ காசு இல்லைன்னா, காய்ஞ்ச ஷெட்ல, மேட்டை எடுத்துட்டு, காத்தோட்டமா நிறுத்தி வைங்க. ஈரத் தார்ப்பாய் போட்டு மூடாதீங்க. துரு வேகம் குறையும், நீங்க சேமிக்க அவகாசம் கிடைக்கும். அதை விட்டுட்டு, அவர் ஞாபகத்துக்குன்னு அவசரமா பட்டி பூசிப் பெயின்ட் அடிச்சா, ரெண்டு வருஷத்துல அதே வேலையை இன்னும் அதிகக் காசுக்குச் செய்யணும்.

நாலு கட்ட பேமென்ட்டுக்கான எக்செல் ஷீட்டை எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன். உங்க வீட்டுல நிக்கிற வண்டி எது, எந்த இடத்துல துருன்னு கமென்ட்ல எழுதுங்க.