மலைச்சாலையின் பொறுப்பு

எதிர்காலத் தொழிலைப் பற்றிப் பேசும்போது மருத்துவம், பொறியியல், கணினித் துறை ஆகியவற்றையே பலரும் முதலில் சொல்கின்றனர். “படிக்காவிட்டால் வண்டி ஓட்டத்தான் போக வேண்டும்” என்று பிள்ளைகளை அச்சுறுத்துவோரும் உளர். வண்டி ஓட்டுவதற்கு அறிவு வேண்டியதில்லை என்னும் எண்ணமே இக்கூற்றின் அடிப்படை. அவ்வெண்ணம் தவறு என்பதற்குத் திருப்பதியின் மலைச்சாலையே சான்று.

முற்காலத்தில் திருமலைக்குச் செல்வோர் படிவழியே நடந்து ஏறினர். நடக்க இயலாதவர்களை டோலியில் சுமந்து சென்றனர். 1944ஆம் ஆண்டில் முதல் மலைச்சாலையும், 1974ஆம் ஆண்டில் இரண்டாம் மலைச்சாலையும் திறக்கப்பட்டன. இன்று வண்டிகள் புதிய சாலையில் ஏறுகின்றன. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பழைய சாலையில் இறங்குகின்றன.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதற்கே மிகுந்த கவனம் வேண்டும். பிரேக்கை இடைவிடாமல் அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆதலால் ஓட்டுநர் குறைந்த கியரில் வண்டியைச் செலுத்துகிறார். எஞ்சினே வேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. 2022ஆம் ஆண்டு முதல் இம்மலையில் மின்பேருந்துகளும் ஓடுகின்றன. இறங்கும்போது அவற்றின் மோட்டார் வேகத்தைத் தணிப்பதோடு, மின்கலத்துக்குச் சிறிது மின்சாரத்தையும் திருப்பித் தருகிறது. கருவி மாறினாலும், ஒவ்வொரு வளைவுக்கும் உரிய வேகத்தை முடிவு செய்பவர் ஓட்டுநரே.

நடத்துநரின் பணியும் எளிதன்று. வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் பேருந்தில் தமிழரும் தெலுங்கரும் அருகருகே அமர்ந்திருப்பர். இரு மொழிகளிலும் வழி சொல்லவும், முதியோருக்கு இடம் கேட்டுத் தரவும், சில்லறைத் தகராற்றைத் தீர்க்கவும் அவர் அறிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு இத்திறமையின் அருமை நன்கு புரியும்.

இத்தகைய தொழிலாளரை வாயாரப் புகழ்ந்தால் மட்டும் போதாது; அவர்களுக்குப் போதிய ஓய்வும் கிடைக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமுமே வேலை என வரையறுத்தது. உறக்கம் குறைந்த கண் வளைவைப் பிந்தியே காணும் என்பதை அறிந்தோர்க்கு இவ்வரையறையின் தேவை விளங்கும்.

பயணிகளுக்கு நேரமும் முக்கியம் அல்லவா எனச் சிலர் கேட்கலாம். முக்கியமே. எனினும் ஓட்டுநரை விரைவுபடுத்திப் பெறும் பத்து நிமிடம், பேருந்திலுள்ள அனைவரின் உயிரையும் பணயம் வைத்துப் பெறுவதாகும். தாமதத்தைக் குறைக்க விரும்பினால் பேருந்துகளையும் பணியாளர்களையும் கூட்ட வேண்டும். ஒருவரின் ஓய்வைக் குறைக்கலாகாது.

ஒரு தொழிலின் உயர்வை அதில் கிடைக்கும் ஊதியத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் முறையன்று. எத்தனை உயிர்கள் அதை நம்பியுள்ளன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு எண்ணுவோர், பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி கூற மறவார்.