நாலு தடவை படித்தேனாம்!

எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் அனுப்புகிற ரகம் இல்லை நான். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. செம்பூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தெருவில் கண்ணில் படுவதெல்லாம் மராத்தியும் இங்கிலீஷும்தான். அதனால் 'ள'வா 'ழ'வா, ஒற்று மிகுமா மிகாதா என்று எப்போதும் ஒரு பயம். நாலு தடவை படித்துவிட்டுத்தான் கையை எடுப்பேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பொங்கல் மலருக்குத் தாராவித் தமிழர்களைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறடி ரோட்டில் சுற்றினேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் வேலை பார்த்த ஒரு குடும்பத்தாரோடு டீ குடித்துக்கொண்டே பேசினேன். வீட்டுக்கு வந்து ஒரே ராத்திரியில் எழுதி, வழக்கம்போல நாலு தடவை திருத்தினேன்.

மலர் வந்த மறுவாரம் அந்த வீட்டுக்காரர் போன் பண்ணினார். கோபமே இல்லாத குரல். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எங்கப்பா காலத்துல தெருவுக்குத் தெரு தாதா இருந்தான், பயந்துதான் குடும்பம் நடத்துனாங்கன்னு போட்டிருக்கீங்களே, அதை நாங்க சொல்லலையே? என் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, தாத்தாவும் ரவுடியாப்பான்னு கேக்குறா."

அவர்கள் சொல்லவில்லைதான். பிறகு எனக்கு எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தால் 'நாயகன்' படத்திலிருந்து! 1987-ல் வந்த படம். அதில் நாம் பார்க்கிற தாராவியில் பெரும்பகுதி தோட்டா தரணி சென்னையில் போட்ட செட். அதற்கு அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. மூணு ஸ்டேஷன் தள்ளிக் குடியிருக்கிற நான், கோடம்பாக்கத்துத் தாராவியை எழுதி, அதற்கு ஒற்றுப்பிழை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன். "நாஷ்டா பண்ணிட்டு கம்பெனிக்குப் போயிருவாரு" என்று அந்த அம்மா சொன்னதை, 'சிற்றுண்டி அருந்திவிட்டுப் பணிக்குச் செல்வார்' என்று மாற்றிவிட்டேன். தமிழைக் காப்பாற்றுகிறேனாம்! நாஞ்சில் நாடன் இதே ஊரில் வேலை பார்த்துக்கொண்டு 1977-ல் 'தலைகீழ் விகிதங்கள்' கொண்டுவந்தார். நாஞ்சில் நாட்டுப் பேச்சை அப்படியே விட்டிருப்பதால்தான் அந்த மனிதர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் கட்டுரையில் அந்த அம்மா ரேடியோச் செய்தி வாசித்தார். ஆக, திருத்த வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதைத் திருத்தியிருக்கிறேன்.

எழுதுகிறவன் தன் எழுத்தை எவ்வளவு கவனமாகத் திருத்த வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு உ.வே.சா. நினைவு வருகிறார். சீவக சிந்தாமணி சமண நூல், அவரோ சைவர். புரியாத இடங்களுக்குத் தன் புலமையைக் கொண்டே ஒரு அர்த்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கு யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் கும்பகோணத்தில் ஜைனர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படிப் பார்த்துப் பார்த்து 1887-ல் அச்சிட்டும் விட்டுவிடவில்லை, 1907-ல் திருத்திய இரண்டாம் பதிப்பு. இருபது வருஷம்! நமக்கு இருபது நிமிஷம் உட்கார முடியவில்லை.

எழுத்துப்பிழை இருந்தால் படிக்கிறவருக்கு என்னைப் பற்றித்தான் கேவலமாகத் தோன்றும். அதனால்தான் அதை அத்தனை பயந்து பார்க்கிறோமோ என்னவோ. ஆள்பிழையை இன்னொருத்தர் சுமக்க வேண்டியிருக்கிறது. அதுவும் இந்த ஊரில் வளரும் பிள்ளைகளில் பலர் வருஷத்துக்குத் தமிழில் படிப்பதே இப்படி ஒன்றோ இரண்டோ பக்கம். அந்தப் பக்கத்தில் தாத்தா ரவுடியாக இருந்தால்?

அடுத்த வருஷ மலரில் நாலு வரித் திருத்தம் போடச் சொன்னேன். போட்டார்கள், கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே. அந்தப் பெண் அதைப் பார்த்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது மாட்டுங்கா பூக்கடைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை காகிதத்தை எடுத்துப் போய், கட்டுரையில் வருகிற பூக்கார அம்மாவுக்கே வாசித்துக் காட்டினேன். பூத் தொடுக்கிற கை நிற்காமலே கேட்டார். "எல்லாம் சரிதான் தம்பி. புருஷன் செத்ததுக்கு அப்புறம் கடை போட்டேன்னு எழுதியிருக்க பாரு, அது தப்பு. கடை போட்டது நான். அவருதான் அப்புறம் வந்து சேந்துக்கிட்டாரு."