ஒரே படம் எடுத்தவர்

கலைஞன் ஒருவனுடைய பெருமையை அவன் படைப்புகளின் தொகையாலும் அவன் ஈட்டிய பொருளாலும் அளத்தல் உலக வழக்கு. அவ்வளவுகோல் பிழைபடும் என்பதற்கு, மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் ஜே. சி. தானியேல் அவர்களின் வாழ்க்கையே சான்று. அவர் இயக்கிய கதைப்படம் ஒன்றே, அதுவும் தோல்வியுற்றது.

அகஸ்தீசுவரத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தினராகிய இவர், தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் படநிலையத்தை நிறுவினார். ஆங்கெழுந்த 'விகதகுமாரன்' என்னும் பேசாப் படத்திற்குக் கதை வகுத்தவரும், இயக்கியவரும், தலைவனாக நடித்தவரும் அவரே. அது வெளிவந்த ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். புராணக் கதைகளே மலிந்திருந்த அந்நாளில் அவர் குடும்பக் கதையைத் தேர்ந்தமை துணிவாகும். அதனினும் பெருந்துணிவு, ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணாகிய பி. கே. ரோசியை நாயர் குலமகளாக நடிக்கச் செய்தமை.

விளைந்தது யாது? மேற்குலத்தார் சினந்து திரைமீது கல்லெறிந்தனர். ரோசி ஊரைத் துறந்து, வேறு பெயருடன் வாழ்ந்து மறைந்தார். தானியேல் பொருளிழந்து படநிலையத்தை மூடினார். பின்னர்ப் பல் வைத்தியம் செய்து வாழ்ந்து, 1975-இல் அகஸ்தீசுவரத்திற் காலமானார்.

1992-இல் கேரள அரசு அவர் பெயரால் விருது ஒன்றை நிறுவிற்று. 2013-இல் அவர் வரலாறு 'செல்லுலாய்டு' என்னும் படமாயிற்று. இவற்றால் கடன் தீர்ந்தது என்பார் சிலர். யாம் அதற்கு உடன்படோம். தீர்க்கதரிசிகளைத் துன்புறுத்தியோரின் மக்கள் அவர்தம் கல்லறைகளைச் சிங்காரிப்பதைத் திருமறை கண்டிக்கின்றதன்றோ?

'விகதகுமாரன்' படச்சுருள் இன்று இல்லை. ஆதலின் அதன் கலைத்திறத்தை அளத்தல் அரிது. அதன் அறத்தை அளத்தல் எளிது. படம் எடுத்தான் என்று எவரும் கல்லெறிந்திலர். அப்பெண்ணை அவ்வேடத்திற் காட்டினான் என்றே எறிந்தனர். தந்தை என்னும் பட்டத்தை முதன்மைக்காக மட்டும் அளித்து, அத்துணிவை மறப்போமாயின், எறிந்தவர்க்கே வெற்றியளித்தவராவோம். தானியேலின் பெயர் வழங்கும் இடமெல்லாம் ரோசியின் பெயரும் ஒலித்தல் வேண்டும்.

மாணவ அன்பர்களே, நாமும் நாடக மேடைகளில் வேடம் பகிர்கின்றோம். இன்னார்க்கு இன்ன வேடம் பொருந்தாது என்று சொல்லுமுன், அச்சொல் திறமை நோக்கிப் பிறந்ததா, குலம் நோக்கிப் பிறந்ததா என்று நம் நெஞ்சை வினவுவோமாக. தானியேலுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.